கறுப்பாகப் போனால் சும்மா இருக்காதே

ஆம்பூர்,
சனிக்கிழமை.

அன்பு மகள் ஃபீபிக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே தோஹாவில் நீ சுகமா என்று கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்றுதான் சொல்லுவாய், அதை நான் நம்பப்போவதில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன். என் சுகம் என்று எழுதினதை வழக்கத்துக்கு எழுதினதாக நினைக்காதே. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், சண்டையும் போடுகிறேன், அந்த மாதிரியான சுகம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் விஷயத்தை ஆரம்பித்தாலே நீ அழுகிறாய், நீ அழுதால் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு "ஒன்னும் இல்லமா, வயித்துல சின்னப் புண்ணு, ஆறிப்போச்சு" என்று முடித்துவிடுகிறார். பக்கத்து வீட்டு குர்ஷித்தின் மகன் தௌசீப் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். இதில் நான் பேசும்போது குறுக்கே யாரும் வர முடியாது. உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

அது சின்னப் புண் இல்லை ஃபீபி. நான் செத்துப் பிழைத்தேன். கம்பெனியில் ஸ்டூல்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன், உட்கார்ந்து தைத்தால் வேகம் கம்மியாகிறதாம், நின்றுகொண்டு தைத்தால் டார்கெட் சீக்கிரம் முடிகிறதாம், யாரோ ஏ.சி. ரூமில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கண்டுபிடித்த விஷயம். காலையில் போனால் சாயங்காலம் வரைக்கும் மெஷின் முன்னால் நின்றபடி ஷூவின் மேல்பாகம் தைக்க வேண்டும், ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில். முதலில் குதிகால், பிறகு முட்டி, பிறகு இடுப்பு என்று வலி படியேறி வந்தது. எனக்கு மட்டும் இல்லை, லைனில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான். அதற்குக் கம்பெனி கண்டுபிடித்த வைத்தியம் ஒரு பிளாஸ்டிக் டப்பா. எங்கள் லைன் சூப்பர்வைசர் சூரியபிரகாஷ் டீ நேரம் முடிந்ததும் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு வரிசையாக வருவான், "யாருக்கு முதுகு, யாருக்குக் காலு" என்று கேட்டுக்கொண்டே கையில் ஒரு மாத்திரை வைப்பான். நம் சபை ஐயர் நற்கருணை கொடுத்துக்கொண்டு வருவதைப்போல என்று எனக்குத் தோன்றும், அப்படி நினைப்பது பாவம் என்று அப்புறம் நினைத்துக்கொள்வேன். போட்ட கொஞ்ச நேரத்தில் வலி எங்கே போனதென்றே தெரியாது, கை தானாக ஓடும். வீட்டிலும் வலிக்குமே என்று மருந்துக்கடையில் செட் மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டேன், நாலு கலரில் நாலு மாத்திரையைப் பேரில்லாத காகிதக் கவரில் மடித்துக் கொடுப்பார்களே, அதுதான். காலையில் கம்பெனி வேனைப் பிடிக்கிற அவசரத்தில் டீயோடு ஒரு செட், கம்பெனியில் டீ நேரம் முடிந்தால் டப்பா. இப்படியே பல மாசம் ஓடியது.

பிறகு நெஞ்சுக்குக் கீழே எரிய ஆரம்பித்தது. கேஸ் என்று நினைத்துச் சோடா குடித்தேன். வயிற்றுவலி வந்தபோது அந்த வலிக்கும் அதே மாத்திரையைத்தான் போட்டேன், வலி மாத்திரை என்றுதானே அதற்குப் பேர், எந்த வலி என்று அதில் எழுதியா இருக்கிறது. ஒரு வாரமாக வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பாகப் போனது, பிசுபிசுவென்று, நாற்றம்கூட வழக்கமான நாற்றம் இல்லை. உனக்கு இதைப் படிக்க ஒரு மாதிரியாக இருக்கும், பரவாயில்லை, இதைப் பேசக் கூச்சப்பட்டுத்தான் நிறையப்பேர் சாகிறார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, கண்ணாடியில் முகம் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த மாதிரி தெரிந்தது. அப்புறம் ஒரு நாள் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், மெஷினில் கை இருக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது, குனிந்தேன், வாந்தி வந்தது, காபித்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொட்டின மாதிரி. அப்போது நடந்ததை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். சூரியபிரகாஷ் ஓடி வந்தான். வந்தவன் என்னைப் பிடிக்கவில்லை, எனக்கு முன்னால் இருந்த தட்டைத் தூக்கினான், தைத்து முடித்த ஷூ தோல் இருந்த தட்டு, அதன்மேல் பட்டுவிடப்போகிறது என்று. என்னைத் தூக்கினது நாலு மெஷின் தள்ளி நின்ற நம் குர்ஷித். கம்பெனி வேனுக்கு டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள், அவள் யாரையும் கேட்காமல் கேட்டுக்கு வெளியே போய் ஒரு ஆட்டோவை மறித்து என்னை உள்ளே தள்ளினாள். வழியெல்லாம் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே "புஷ்பம், கண்ண மூடாத, மூடினா அறஞ்சிருவேன்" என்று திட்டிக்கொண்டு வந்தாள், நடுநடுவே யா அல்லா, யா அல்லா என்றாள். அவள் திட்டினது என் காதில் விழுந்துகொண்டிருந்ததால்தான் நான் கண்ணை மூடவில்லை.

ஆம்பூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தம் ஏற்றினார்கள், வாய் வழியாக ஒரு குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், அந்தப் புண்ணுக்குள் ஒரு ரத்தக்குழாய் திறந்து கிடந்து கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஊசி போட்டு, சின்னதாக ஒரு கிளிப்பை மாட்டி அடைத்தார்கள். படத்தைப் பிறகு எனக்குக் காட்டினார்கள், என் வயிறுதான் அது என்று நம்ப முடியவில்லை, ஆசிட் கொட்டி ஓட்டை விழுந்த தோல் மாதிரி இருந்தது. டாக்டரம்மா நல்ல மாதிரி, பக்கத்தில் உட்கார்ந்து புரிகிற மாதிரி சொன்னார். "வயித்துக்குள்ள இருக்கற ஆசிட் வயித்தையே அரிக்காம இருக்க உள்பக்கம் வழவழன்னு ஒரு பூச்சு இருக்கும்மா. இந்த மாத்திரை வலியக் கொறைக்கும்போதே அந்தப் பூச்சையும் கொறச்சிடுது. தெனமும் போட்டா வயிறு தன்னையே தின்ன ஆரம்பிச்சிடும்" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது என்று சொல்வார்களே என்று கேட்டேன். "சாப்ட்டாலும் முழுசாத் தப்பிக்க முடியாது, ஊசியாப் போட்டாலும் அதே கததான், அது ரத்தத்துல கலந்து வேல செய்யுது" என்றார். செட் மாத்திரையில் ஸ்டீராய்டும் கலந்திருக்கும், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஜாஸ்தி என்றார். வயிற்றில் கிருமி இருந்தாலும் புண் வருமாம், அதற்கும் பரிசோதனை செய்தார்கள், கிருமி இல்லை. மாத்திரைதான், வேறு ஒன்றும் இல்லை என்று அவர் தீர்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது ஆல்வின் வந்தான், ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு. நம் சபையிலே பாடற்குழுவில் நிற்பானே, கம்பெனியில் ஹெச்.ஆர். ஆபீசராக இருக்கிறான், அவனேதான். முதலில் ஜெபம் பண்ணினான். பிறகு நாற்காலியைக் கிட்டே இழுத்துப்போட்டு, "அக்கா, உங்களுக்கு ஏற்கெனவே அல்சர் இருந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா சொல்லிடுங்க. நம்ம ஊர்ல பிரியாணி, தால்ச்சா, காரம்னு சாப்புடறோம், எல்லாருக்கும் வர்றதுதான? கம்பெனி மாத்திரைன்னு பேச்சு வந்தா எல்லார் பொழப்பும் கெடும்" என்றான். அப்பா தலையை ஆட்டினார். அவரைக் கோபிக்காதே, அவர் பயந்த மனுஷன், இந்த ஊரில் கம்பெனிக்காரர்களைப் பகைத்துக்கொண்டு எங்கே போவது என்பதுதான் அவர் எப்போதும் கேட்கிற கேள்வி. எனக்கு எழுந்து உட்காரக்கூடத் தெம்பு இல்லை, ஆனாலும் எழுந்து உட்கார்ந்தேன். "ஆல்வின், இப்பதான் கண்ண மூடி ஜெபம் பண்ண. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாகன்னு படிச்சது ஞாபகம் இருக்கா? என் வயித்துல ஓட்ட போட்டது பிரியாணி இல்ல, உங்க டப்பா. யார் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன், கேக்காதவங்ககிட்டயும் சொல்லுவேன்" என்றேன். பழத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவன் வைத்துவிட்டுத்தான் போனான், குர்ஷித் வீட்டுப் பேரப்பிள்ளைகள் தின்றார்கள்.

அதற்குப் பிறகுதான் நீ போனில், "ரிசைன் பண்ணிடும்மா, சண்டையெல்லாம் வேணாம், இங்க வந்து என்கூட இரு" என்று அழுதாய். உன் பாசம் எனக்குத் தெரியாதா. ஆனால் நான் வீட்டில் உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். புஷ்பாக்காவுக்கு உடம்பு முடியவில்லை, வயசாகிவிட்டது, நின்றுவிட்டாள் என்று சொல்லிவிட்டு என் மெஷினில் இன்னொருத்தியை நிறுத்துவார்கள், அவள் கையிலும் மாத்திரை வைப்பார்கள். ஆகையால் டாக்டரம்மா சரி என்று சொன்ன அன்றைக்கு அடுத்த நாளே வேனில் ஏறினேன். டீ நேரம் முடிந்தது, டப்பா வந்தது. என் பக்கத்து மெஷினில் ஜெயம்மாள், ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறாள், விடிவதற்குள் பஸ் ஏற வேண்டும், காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் வருகிற பெண். அவள் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்து மூடினேன். "இன்னாக்கா" என்றான் சூரியபிரகாஷ். "எனக்கு வேணாம், இவளுக்கும் வேணாம். எங்களுக்கு வலிக்கறது நிக்கறதால, அதுக்கு மருந்து உக்கார்றது" என்று சொல்லிவிட்டுத் தோல் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தி, எனக்கு என்ன நடந்தது, எந்தக் கலரில் போனது, எந்தக் கலரில் வாந்தி வந்தது எல்லாவற்றையும் சொன்னேன். சிலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. குர்ஷித் தன் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு ஜெயம்மாள். பிறகு அந்தப் பக்கத்தில் இன்னும் சிலர். லைன் நின்றுபோயிற்று. "ஏன்க்கா இப்படி எல்லாரையும் கெடுக்கறீங்க, எனக்குத்தான் பேஜாரு" என்று சூரியபிரகாஷ் கெஞ்சுகிற மாதிரி சொன்னான். கொஞ்ச நேரத்தில் ஆல்வினும் மேனேஜரும் வந்தார்கள், எல்லோரும் எழுந்துகொண்டார்கள், நான் கடைசியாக எழுந்தேன்.

அடுத்த நாள் என்னை லைனிலிருந்து எடுத்துவிட்டார்கள். தைத்து வந்த தோலில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை வெட்டுகிற வேலை, இடம் கட்டிடத்தின் கடைசி மூலை, பெண்கள் கழிப்பறைக்குப் பக்கத்தில். நாற்றம் பிடித்த இடம், பேச ஆள் இல்லாத இடம், நானே விட்டுவிட்டு ஓடிவிடுவேன் என்று நினைத்தார்கள். அவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. எந்த லைனில் வேலை செய்தாலும் பெண்கள் எல்லோரும் அந்த வழியாகத்தானே வரவேண்டும்! நான் முன்பு ஒரு லைனுக்குத்தான் பேச முடிந்தது, இப்போது முழுக் கம்பெனிக்கும். போகிறவளை எல்லாம் நிறுத்தி, மாத்திரை போடுகிறாயா, நெஞ்சுக்குக் கீழே எரிகிறதா, கறுப்பாகப் போகிறதா என்று கேட்டேன். முதலில் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு அவர்களே வெளியே வரும்போது என்னிடம் நின்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அல்சர் அக்கா என்று எனக்குப் பேர் வைத்திருக்கிறார்கள், இருக்கட்டும். அந்த வாரத்திலேயே ஜெயம்மாள் வந்து, "அக்கா, எனக்கும் அப்படித்தான், ரொம்ப நாளா, பயமா இருந்துச்சு, சொல்லல" என்றாள். டாக்டரிடம் போனபோது அவளுக்கும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது, உடம்பில் ரத்தமே பாதியாக இருந்திருக்கிறது. அவளுக்கு ரெண்டு சின்னப் பெண் பிள்ளைகள். இப்போது மருந்து சாப்பிட்டுத் தேறிக்கொண்டு வருகிறாள்.

போன மாசம் வெளிநாட்டிலிருந்து ஆடிட் வந்தார்கள், நம்மிடம் ஷூ வாங்குகிற கம்பெனி ஆட்கள். அதற்கு முதல் நாள் எல்லோரையும் கேன்டீனில் உட்காரவைத்து, சிரித்த முகமாக இருக்க வேண்டும், மாத்திரையைப் பற்றிக் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று ஆல்வின் பாடம் நடத்தினான். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க நாளைக்கு ரெஸ்ட் எடுத்துக்கோங்கக்கா" என்றான். நான் ரெஸ்ட் எடுக்கவில்லை, வேனில் முதல் ஆளாக ஏறினேன். வந்தவளை வெளியே அனுப்ப முடியாமல், மூலையை விட்டு நகரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வந்தவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மா, கூடவே மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து நிஷா என்று ஒரு பெண். காலையெல்லாம் ஆல்வினும் மேனேஜரும் அந்த அம்மாவை ஒட்டிக்கொண்டே நடந்தார்கள், யாரிடம் கேட்டாலும் சிரித்த முகமும் நல்ல பதிலும்தான். ஆனால் அந்த அம்மாவும் மனுஷிதானே, கழிப்பறைக்குப் போக வேண்டி வந்தது. ஆண்கள் எல்லோரும் நாகரிகமாகத் தூரத்தில் நின்றுகொண்டார்கள். நிஷாவும் அந்த அம்மாவும் மட்டும் என் மூலைக்கு வந்தார்கள். திரும்பி வரும்போது நான் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். நிஷாவிடம், "பாப்பா, நான் சொல்றத ஒன்னு விடாம சொல்லுவியா, இல்ல சுருக்கிடுவியா" என்று கேட்டேன். அவள் ஒரு பார்வை தூரத்தில் நின்றவர்களைப் பார்த்தாள், "சொல்றேம்மா, மெதுவா சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அந்த அம்மா இடையில் ஒன்று கேட்டது, இதைச் சொல்வதால் உங்களை வேலையிலிருந்து எடுத்துவிட மாட்டார்களா என்று. "தூக்கினா தூக்கட்டும். ஒரு தடவ என்னத் தூக்கினுதான் போனாங்க, திரும்பி வந்து நிக்கறேன்ல" என்றேன். அதை நிஷா எப்படித்தான் இங்கிலீஷில் சொன்னாளோ, அந்த அம்மா சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டது.

அங்கிருந்து நேராக முதலுதவி அறைக்குப் போனார்கள். அங்கே நர்ஸாக இருக்கிற மோகனா, சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அலமாரியைத் திறக்கச் சொன்னார்கள், உள்ளே அட்டை அட்டையாக அதே மாத்திரை. இது எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று கேட்டார்கள். ஆல்வின் அவளையே பார்த்துக்கொண்டு நின்றானாம். மோகனா அழுதுகொண்டே, "டப்பால எடுத்துனு போய் லைன்ல குடுக்கறாங்க மேடம். சாப்ட்டாங்களா, அல்சர் இருக்கானு கேக்காம குடுக்காதீங்கனு நான் சொன்னேன். கேக்கல" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு என்னைவிடத் தைரியம் ஜாஸ்தி, நான் செத்துப் பிழைத்த பிறகு பேசினேன், அவள் எதுவும் வருமுன்னே பேசினாள். இப்போது டப்பா நின்றுவிட்டது. வலி என்றால் மோகனாவிடம் போக வேண்டும், அவள் கேள்வி கேட்டுப் பார்த்துச் சாதாரணமாக ஜுரத்துக்குப் போடுகிற மாத்திரைதான் கொடுக்கிறாள், அதற்குமேல் வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை வருகிற டாக்டரிடம் அனுப்புகிறாள். ஸ்டூல்களும் திரும்பி வந்துவிட்டன, எல்லோருக்கும் இல்லை, ரெண்டு பேருக்கு ஒன்று, மாற்றி மாற்றி உட்கார வேண்டும். மீதியையும் வாங்காமல் விடுவதில்லை என்று குர்ஷித் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என்னை மட்டும் லைனுக்கு எடுத்துக்கொள்ளவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஆல்வின் சபையில் எங்கள் வரிசையை விட்டுத் தூரமாகப் போய் உட்காருகிறான். போன ஞாயிற்றுக்கிழமை சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில் என் பக்கம் திரும்பவே இல்லை, நானே நடந்து போய் அவன் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கிவிட்டு வந்தேன். பாடற்குழுவே பார்த்தது.

இப்போது நான் ஏன் அவசரமாக எழுத உட்கார்ந்தேன் என்று சொல்கிறேன். வியாழக்கிழமை மத்தியானம் சூரியபிரகாஷ் என் மூலைக்கு வந்தான். நூல் வெட்டினதைச் சரிபார்ப்பதுபோல ஒரு தோலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் உதட்டில் ரத்தமே இல்லை. "அக்கா, ஒன்னு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே" என்றான். "எனக்கும் கறுப்பாப் போவுதுக்கா. நாலஞ்சு நாளா. எழுந்தா தல சுத்துது" என்றான். அவனுக்கும் நாளெல்லாம் நிற்கிற வேலைதானே, மேலேயிருந்து டார்கெட் டார்கெட் என்று திட்டு வேறு, தலைவலி, முதுகுவலி. டப்பா அவன் கையிலேயே இருந்ததால் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே தானும் போட்டிருக்கிறான், டப்பா நின்ற பிறகு கடையில் வாங்கிப் போட்டிருக்கிறான். மறைக்க மாட்டேன் ஃபீபி, ஒரு நிமிஷம் எனக்கு அந்தத் தட்டு ஞாபகம் வந்தது, நான் விழும்போது அவன் தூக்கிக் காப்பாற்றின தட்டு. நன்றாக ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். எழுந்து என் ஸ்டூலை அவன் பக்கம் தள்ளி, "உக்காருடா" என்றேன். "லைன்ல ஆள் இல்லக்கா" என்றான். "லைன் எங்கயும் ஓடிப்போவாது, நீதான் போயிருவ, உக்காரு" என்று அதட்டினேன். மோகனாவைக் கூப்பிட்டேன், குர்ஷித் மறுபடியும் ஆட்டோவை மறித்தாள், இந்த முறை அவனைத் திட்டிக்கொண்டே கூட்டிக்கொண்டு போனாள். சமயத்துக்குப் போனதால் புண் ஆழமாகப் போகவில்லை, ரத்தம் தானாகவே நின்றுவிட்டது, மருந்திலேயே ஆறிவிடும் என்றார்களாம். நேற்று அவன் அம்மா கலவை ஊரிலிருந்து எனக்குப் போன் பண்ணினாள். சூரியபிரகாஷ் அம்மா என்று சொல்லிவிட்டு அழுதாள், அவ்வளவுதான். போனை வைத்த பிறகு எனக்கு நீதான் ஞாபகம் வந்தாய். அவன் உன்னைவிட ஒரு வயது சின்னவன்.

போன வாரம் நீ என்ன சொன்னாய்? ஓட்டல் ரிசப்ஷனில் ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும், உட்கார்ந்தால் மேனேஜருக்குப் பிடிக்காது, குதிகால் உயர்ந்த ஷூ, இடுப்பு விட்டுப்போகிறது, "அதனால டூட்டிக்கு முன்னாடி ஒரு மாத்திரை போட்டுக்குவேம்மா, ஜாலியா ஓடிடும்" என்று சிரித்தாய். வெறும் காபியோடு என்று வேறு சொன்னாய். உனக்குச் சின்ன வயசு, உனக்கு ஒன்றும் வராது என்று யார் சொன்னது? இனிமேல் அதைத் தொடாதே. எப்போதாவது ஒரு நாள் போடுவதைப் பற்றி நான் பேசவில்லை, தினமும் போடுகிறாயே அதைச் சொல்கிறேன். இந்த வாரமே டாக்டரிடம் போ, எத்தனை மாசமாக என்ன மாத்திரை போடுகிறாய் என்பதை மறைக்காமல் சொல், ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல், இடுப்பு வலிக்கு என்ன காரணம் என்று கேள். நெஞ்சுக்குக் கீழே எரிந்தால், சாப்பிட்டால் வலித்தால், மூச்சு வாங்கினால் கேஸ் என்று விடாதே. கறுப்பாகப் போனால் ஒரு நாள்கூடச் சும்மா இருக்காதே, அப்படியே எழுந்து எமர்ஜென்சிக்குப் போ, டூட்டியாவது ஒன்றாவது. அப்புறம் அந்த மேனேஜரிடம் ஒரு ஸ்டூல் கேள். முதலில் இல்லை என்பார்கள். மறுபடியும் கேள். கூட வேலை செய்கிற பிலிப்பைன்ஸ் பெண்ணையும் சேர்த்துக்கொண்டு கேள், தனியாகக் கேட்டால் பிடிவாதம் என்பார்கள், ரெண்டு பேர் கேட்டால் யோசிப்பார்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அவர்கள் கோபம் ஆறும், வயிறு ஓட்டையானால் லேசில் ஆறாது. தோஹாவுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடச் சொல்கிறாயே, உன் வீட்டில் நான் உட்கார்ந்திருக்க நீ நின்றுகொண்டிருப்பாயா? நான் வரமாட்டேன். இங்கே எனக்கு வேலை இருக்கிறது.

உன் போக்கையும் உன் வரத்தையும் கர்த்தர் காப்பார், உன் உடம்பை நீதான் காக்க வேண்டும், ரெண்டுக்கும் நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். தௌசீப்பிடம் மிளகாய்ப்பொடி கொடுக்கவில்லை, பருப்புப்பொடியும் கொஞ்சம் வேர்க்கடலை உருண்டையும் கொடுத்திருக்கிறேன், காலையில் டூட்டிக்குப் போகுமுன் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போ. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்க்கிறார், இவ்வளவு எழுத வேண்டுமா, பிள்ளை பயந்துவிடும் என்கிறார். பயப்படட்டும் என்றேன். அவர் அப்படிச் சொல்கிறாரே தவிர, போன வாரம் அவர் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் முட்டி வலி என்று மாத்திரை அட்டையைக் கிழித்தாராம், அப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, "சார், நில்லுங்க, எங்க வீட்டம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுங்க" என்றாராம். அந்த வாத்தியாரே வந்து சொன்னார். டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. அதுவரைக்கும் உன் போனை நான் எடுக்கப்போவதில்லை, அப்பாவையும் எடுக்கவிடமாட்டேன்.

இப்படிக்கு,
நீ சொன்ன பேச்சைக் கேட்காத உன் அம்மா,
ஜே. ஜெயபுஷ்பம்